குன்னூர்க் குரங்குகளைப் பிடித்து ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா?

குன்னூர் பெட்போர்டு பக்கம் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "குரங்குத் தொல்லை தாங்க முடியவில்லை. ஓட்டைப் பிரிக்கின்றன, சமையலறைக்குள் வருகின்றன, பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடித்தும் விட்டது. மருந்து ஆராய்ச்சிக்கு எப்படியும் குரங்கு தேவைப்படுகிறது. இவற்றைப் பிடித்து அங்கே கொடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் நல்லதுதானே? நம்ம ஊர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டே குரங்கை வைத்து வளர்ந்ததுதானே?"

கூடாது என்பதுதான் என் பதில். நான் கால்நடை மருத்துவர். பணிக்காலத்தில் பெரும்பகுதி, சமவெளியில் ஆய்வக விலங்குகளைப் பார்த்துக்கொள்வதில் போனது. இப்போது கோத்தகிரியில் இருக்கிறேன். என் வீட்டுக் கூரை மேலும் குரங்கு ஓடுகிறது. அதனால் உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் "எப்படியும் தேவைப்படுகிறது" என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அங்கேதான் நின்று பேச வேண்டியிருக்கிறது. எதற்குத் தேவை, எத்தனை தேவை, தேவை என்று முடிவு செய்வது யார் என்று கேட்க ஆளில்லாமல் போனதால்தான் இந்தத் துறையில் நடந்த கொடுமைகளில் பாதி நடந்தது.

சட்டத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். நம் மலைப்பாதையில் கைப்பிடிச் சுவர் மேல் வரிசையாக உட்கார்ந்திருப்பது நாட்டுக் குரங்கு. தலையில் குல்லாய் கவிழ்த்த மாதிரி முடி இருக்குமே, அதுதான். தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு, புலியும் யானையும் இருக்கும் அதே முதல் அட்டவணையில் இதுவும் இருக்கிறது. பொறி வைத்துப் பிடிப்பதும் சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். ஆராய்ச்சிக்கு என்று கேட்டாலும் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும், அதற்கு முன்னால் மத்திய அரசின் ஒப்புதலும் வேண்டும்.

சட்டம் விட்டாலும் ஒழுங்கான ஆய்வகம் எதுவும் இவற்றை வாங்காது. கூரையிலிருந்து பிடித்த குரங்குக்கு என்ன வயது, யார் தாய், இதுவரை என்னென்ன நோய் வந்து போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மனிதரோடு புழங்கியதால் காசநோய்கூட ஒட்டியிருக்கலாம். அதைவிட முக்கியம், பயந்துபோன விலங்கின் உடம்பு ஒழுங்கான பதில் சொல்லாது. கூட்டத்திலிருந்து பிரித்துக் கூண்டில் போட்ட குரங்குக்கு ரத்தச் சர்க்கரை, நாடித்துடிப்பு, நோய் எதிர்ப்புச் சக்தி எல்லாமே தாறுமாறாகும். அந்த உடம்பில் மருந்தைச் செலுத்திவிட்டு, வருகிற மாற்றம் மருந்தாலா பயத்தாலா என்று பிரித்துப் பார்ப்பது பெரும்பாடு.

இதற்கு விலக்காக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 2020-இல் கோவாக்சினைச் சோதிக்க, வட இந்தியாவில் அதிகம் காணப்படும் ரீசஸ் இனக் குரங்குகள் தேவைப்பட்டன. ஆய்வகத்தில் பிறந்து வளர்ந்தவை நம் நாட்டில் கிடைக்காததால் நாக்பூர் பக்கம் போய்ப் பிடித்தார்கள். மொத்தம் 20 குரங்குகள், ஐந்தைந்தாக நான்கு குழு. ஊரடங்கில் கடை கண்ணி மூடி, ஊருக்குள் தீனி இல்லாமல் குரங்குகள் காட்டுக்குள் போய்விட்டதால் தேடிப் பிடிப்பதே பெரிய வேலையாகிவிட்டது. அந்த நெருக்கடியில் அந்த 20 குரங்குகளைப் பயன்படுத்தியதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவசரம் வந்த பிறகு காட்டுக்கு ஓடும் நிலையில் ஒரு பெரிய நாடு இருந்தது சரியில்லை.

அந்தச் சம்பவத்தில் உங்களுக்கு வேண்டிய விஷயமும் இருக்கிறது. தீனி நின்றால் குரங்கு தானாகக் காட்டுக்குள் போகும். பர்லியாறு தாண்டி ஏறும் வழியெல்லாம் காரை நிறுத்தி வாழைப்பழமும் சிப்ஸும் போடுகிறார்கள், ஊருக்குள் குப்பைத்தொட்டி மூடியில்லாமல் கிடக்கிறது. இந்த இரண்டையும் நிறுத்தாமல் ஒரு கூட்டத்தைப் பிடித்து அகற்றினால் காலியான இடத்துக்கு அடுத்த கூட்டம் வந்து உட்காரும். சமையலறை ஜன்னலுக்குக் கம்பி வலை அடியுங்கள், குப்பையை வண்டி வரும் நேரத்துக்கு மட்டும் வெளியே வையுங்கள், பக்கத்து வீடுகளையும் செய்யச் சொல்லுங்கள். ஒரு வீடு மட்டும் செய்தால் பலனில்லை, தெருவே செய்ய வேண்டும்.

சரி, பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டுக்கு வருவோம். நீங்கள் சொன்னது பாதி சரி. சிம்ஸ் பூங்காவை ஒட்டி 1907-இல் தொடங்கிய அந்த நிறுவனம் வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்யத்தான் வந்தது. தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி என்று நம் பெற்றோர் பயந்த அந்தத் தடுப்பூசி செம்மறியாட்டு மூளையிலிருந்து வந்தது. அதில் குரங்கு கிடையாது.

குரங்கு வேறு வழியாக வந்தது. 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் அதே நிறுவனத்தில் ஓர் அறையில், சத்துக்குறைவால் நரம்பு கெடும் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பிறப்பிடம் அந்த அறைதான். வைட்டமின் என்ற கருத்தே புதிதாக இருந்த காலம். அதிக அழுத்த நீராவியில் வேகவைத்துச் சத்தழிந்த உணவைக் குரங்குகளுக்குக் கொடுத்து, உடம்பு எப்படிக் கெடுகிறது என்று பார்த்தார். முதலில் பசி போனது, பிறகு வயிற்றுப்போக்கும் சீதபேதியும். செத்தவற்றைத் திறந்து பார்த்தபோது குடல் புண்ணாகிக் கிடந்தது. 1920-இல் அந்த முடிவுகள் வெளியாயின. சத்துக்குறைவு நரம்பை மட்டுமல்ல, குடலையும் அழிக்கிறது என்று அன்றைய மருத்துவ உலகுக்கு எடுத்துச்சொன்ன வேலைகளில் இது முக்கியமானது. தீட்டிய அரிசியைத் தின்று நோயில் விழுந்த மனிதர்கள் ஏராளமாக இருந்த காலத்தில் செய்த வேலை அது. அதனால் அவரைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பட்டினிபோலச் சத்தில்லாத தீனி தின்று வாரக்கணக்கில் கழிந்து செத்த அந்தக் குரங்குகளின் பாட்டையும் அந்த முடிவோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கே அதைப் பற்றிப் பேசினாலும் முடிவை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறோம்.

அடுத்தது போலியோ. நம் நாட்டிலேயே செய்த போலியோ சொட்டு மருந்து 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குன்னூரில்தான் தயாரானது. போலியோ கிருமியை வளர்க்க அன்றைக்குக் குரங்கின் சிறுநீரகச் செல்கள் வேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் புதிய சிறுநீரகம், அதாவது புதிய குரங்குகள். செய்த மருந்து பாதுகாப்பானதா என்று பார்க்கவும் குரங்கின் தண்டுவடத்தில் ஊசி போட்டுக் கை கால் விழுகிறதா என்று பார்க்கும் சோதனை உலகம் முழுக்க இருந்தது. இந்தியாவில் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட ஒரு சிறுமி. என் தலைமுறையில் எந்தத் தெருவிலும் கால் சூம்பிய ஒரு பிள்ளையைப் பார்க்கலாம், இன்று இல்லை. இந்தக் கடனை மறுப்பவரோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் அந்தக் கடன் எப்படி ஏறியது என்றும் பார்க்க வேண்டும். 1950-களில் இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு லட்சக்கணக்கில் ரீசஸ் குரங்குகள் வெளிநாட்டுக்குப் போயின. 1955-இல் லண்டன் விமான நிலையத்தில் வண்டிக்குள் அடைத்து வைத்திருந்த ஏறத்தாழ 400 குரங்குகள் ஒரேயடியாக மூச்சுத்திணறிச் செத்தன. அந்தச் சாவு எந்த ஆராய்ச்சிக்கும் உதவவில்லை. அதன் பிறகு, மருத்துவத்துக்கும் தடுப்பூசிக்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு ஏற்றுமதி தொடர்ந்தது. 1970-களில், அமெரிக்க ராணுவம் கதிர்வீச்சுச் சோதனைக்கு நம் குரங்குகளைப் பயன்படுத்தியது வெளியே வந்தது. அளவுக்கு மீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சி, அதன் பிறகு எவ்வளவு நேரம் ஓட முடிகிறது என்று பார்த்தார்கள். மொரார்ஜி தேசாய் அரசு 1978 ஏப்ரல் முதல் ஏற்றுமதியை அடியோடு நிறுத்தியது. குரங்குகளை வாங்கிக்கொண்டிருந்த நாட்டவர்கள், மருத்துவமே நின்றுபோகும் என்றார்கள். நிற்கவில்லை. அவர்களே வளர்ப்பதை அதிகப்படுத்தினார்கள், தென்கிழக்கு ஆசியாவின் நீள்வால் குரங்குகளையும் தேடிப் போனார்கள். அந்த இனம் 2022-இல் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலுக்குப் போய்விட்டது. நம் குரங்கு தப்பியதில் எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் பாரம் வேறொன்றின் தலைக்கு மாறியது.

குரங்குகளின் தேவையை உண்மையில் குறைத்தது வேறு ஒன்று. 1962-இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்கள், சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும் வரிசையாக மாறின. வெரோ செல் என்று பெயர். குன்னூரில் பின்னாளில் செய்த வெறிநாய்க்கடித் தடுப்பூசி, கோவாக்சின் எல்லாம் அந்தச் செல்லில் வளர்ந்தவைதான். தண்டுவட ஊசிச் சோதனைக்கும் மாற்றாக, போலியோ தொற்றும்படி மரபணு மாற்றிய எலிகள் வந்துவிட்டன. (அந்தக் குழந்தையைப் பற்றி எழுதியிருந்தீர்களே: குரங்கு கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடி ஊசி எல்லாத் தவணையும் போட்டாகிவிட்டதா என்று கேளுங்கள். விலங்கைப் பற்றிய கவலையால் அந்த ஊசியை மறுப்பதில் எந்த நியாயமும் இல்லை.)

குரங்குச் சோதனை எப்போதும் உண்மையைச் சொல்லும் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. பார்க்கின்சன் நோயில் மூளைக்குள் மின்முனை வைத்து நடுக்கத்தைக் குறைக்கும் சிகிச்சைக்கு வழி காட்டியது குரங்கு ஆய்வுதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2006-இல் லண்டனில் டிஜிஎன்1412 என்ற மருந்தை ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்குச் செலுத்தினார்கள். குரங்குகள் அதைப்போல் 500 மடங்கு அளவைத் தாங்கியிருந்தன. ஆறு பேருக்கும் சில மணி நேரத்தில் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கி, தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். அந்த மருந்து போய்ப் பற்றும் இடம் மனிதனின் ஒருவகை வெள்ளணுக்களில் இருக்கிறது, குரங்கின் அதே அணுக்களில் இல்லை. இந்த வேறுபாடு தெரிந்தது அப்புறம்தான்.

நாமும் இந்த மலையில் ஒரு காலத்தில் கேள்வி கேட்காமல் கருமந்தி என்ற கருங்குரங்கைச் சுட்டுத்தள்ளியிருக்கிறோம். கருங்குரங்கு லேகியம் என்றால் ஆஸ்துமா போகும், உடம்பு தேறும் என்று ஒரு நம்பிக்கை. வேலை செய்கிறதா என்று யாரும் சோதித்ததில்லை. சோலைகளில் அந்த இனமே அருகிப்போய், சட்டம் வந்து தடுக்க வேண்டியதாயிற்று. வெள்ளை அங்கி போட்டவர் கேட்டால் மட்டும் அதே கேள்வியைக் கேட்கத் தயங்குவது ஏன் என்று எனக்குப் புரிவதில்லை.

இனி, கூண்டுக்குள் என்ன நடக்கிறது என்பது. வெளியில் இருப்பவர்கள் ஊசியையும் கத்தியையும்தான் நினைக்கிறார்கள். அவை சில நிமிடங்கள். மிச்ச நேரமெல்லாம் கூண்டுதான், அதுவும் தனிக்கூண்டு. சிம்ஸ் பூங்கா வாசலில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள்: ஒன்று படுத்திருக்கும், இன்னொன்று அதன் முடியைப் பிரித்துப் பேன் பார்க்கும், குட்டி ஒருத்தியின் மடியிலிருந்து அடுத்தவள் மடிக்குப் போகும். பெண் குரங்குகள் பிறந்த கூட்டத்திலேயே சாகும்வரை இருக்கும், யார் மகள் என்பதை வைத்தே அங்கே மரியாதை. அந்த உயிரைக் கொண்டுபோய் கை காலை நீட்டினால் நான்கு பக்கமும் கம்பி இடிக்கும் பெட்டியில், தொட ஓர் உயிர் இல்லாமல் வருஷக்கணக்கில் வைத்தால் என்ன ஆகும்? நான் பார்த்த ஓர் ஆண் குரங்கு தன் தொடையின் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டிருந்தது. மருந்து வைத்துக் கட்டினால் கட்டைப் பிரித்துவிட்டு மறுபடி கடிக்கும். பார்த்துக்கொண்ட பராமரிப்பாளர் அம்மா காலையில் வந்ததும், "டாக்டர், இவன் ராத்திரி தூங்கவே இல்ல, கூண்டு முழுக்க ரத்தம்" என்பார். பக்கத்துக் கூண்டோடு நடுக்கதவைத் திறந்து, பழக்கி, இன்னொரு குரங்கைச் சேர்த்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முழுக்க நிற்கவில்லை.

ரத்தம் எடுப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் கூண்டின் பின்சுவரை முன்னால் இழுத்து, குரங்கை நசுக்கிப் பிடித்து, அலற அலற எடுப்பார்கள். பொறுமையாகப் பழக்கினால் வேறு மாதிரி. முதலில் கம்பி அருகே வந்தால் ஒரு திராட்சை, பிறகு கையை வெளியே நீட்டினால் ஒன்று, நீட்டியபடி வைத்திருந்தால் ஒன்று, பஞ்சால் துடைக்கவிட்டால் ஒன்று. சில வாரங்களில் அதுவே வந்து கையை நீட்டி, ஊசி இறங்குவதை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும். இதற்குக் கோடிக்கணக்கில் செலவில்லை. நேரமும், அந்தக் குரங்குக்குத் தெரிந்த ஒரே ஆளும் வேண்டும். செய்யாமல் இருப்பதற்கு நான் கேட்ட காரணம் எப்போதும் ஒன்றுதான்: ஆள் இல்லை.

தொடுதல் இவ்வளவு முக்கியம் என்று விஞ்ஞானம் தெரிந்துகொண்டதே ஒரு கொடுமை வழியாகத்தான். 1950-களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஹாரி ஹார்லோ ரீசஸ் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். கம்பித் தாயிடம் பால், துணித் தாயிடம் ஒன்றுமில்லை. குட்டிகள் பசிக்குக் கம்பியிடம் போய்விட்டு, மற்ற நேரமெல்லாம் துணியைக் கட்டிக்கொண்டு கிடந்தன. அநாதை இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் குழந்தையைத் தூக்கி அணைக்க வேண்டும் என்ற மாற்றத்துக்கு அந்த ஆய்வும் துணையாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. குட்டிகளை ஆறு மாதம், ஒரு வருஷம் முழுத் தனிமையில் அடைத்தார். மனச்சோர்வை உண்டாக்கவென்றே ஏறி வர முடியாத, சரிந்த சுவர்கள் கொண்ட உலோகக் குழிகளைச் செய்தார். குட்டிக்குத் தாயின் அணைப்பு வேண்டும் என்று தன் கையாலேயே நிரூபித்த பிறகு அவர் செய்த ஒவ்வொரு தனிமைச் சோதனையும், என்ன வலிக்கும் என்று நன்றாகத் தெரிந்தே செய்தது. என்னால் அதை ஏற்க முடியவில்லை. குரங்கு எவ்வளவு தூரம் நம்மைப் போன்றது என்று ஓர் ஆய்வு காட்டினால், அடுத்த ஆய்வுக்கு அனுமதி கேட்பவரின் சுமை அந்த அளவுக்கு ஏற வேண்டும் என்பது என் கருத்து. மனிதக்குரங்குகள் விஷயத்தில் உலகம் இதை ஓரளவு ஏற்றிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2010 சட்டத்தில் மிக அரிய விலக்கோடு அவற்றைத் தடை செய்தது. அமெரிக்க அரசின் சுகாதார நிறுவனம் 2015-இல் சிம்பன்சி ஆய்வுகளை நிறுத்தியது. மற்ற குரங்குகள் இன்னும் வாசலுக்கு வெளியேதான் நிற்கின்றன.

என் கணக்கு இதுதான். பலரைக் கொல்லும் அல்லது முடமாக்கும் ஒரு நோய். செல்லிலோ கணினியிலோ மனிதத் தன்னார்வலரிடமோ விடை கிடைக்காது என்று உண்மையிலேயே தேடிப் பார்த்திருக்க வேண்டும். எத்தனை குரங்கு போதும் என்று புள்ளியியல் தெரிந்தவர் சொல்லியிருக்க வேண்டும். கூட்டாளியோடு வாழும் கூண்டு இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் மனமில்லாமல் ஒப்புக்கொள்வேன். மருந்தைப் பதிவு செய்வதற்காக ஒரு சடங்குபோலச் செய்யும் நச்சுச் சோதனைகளும், ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பச் செய்யும் கட்டுரைகளும் இதில் தேறாது. நம் நாட்டிலேயே 2023-இல் புதிய மருந்து விதிகளைத் திருத்தி, விலங்கில்லாத முறைகளின் முடிவையும் ஏற்கலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். கதவு திறந்திருக்கிறது, நுழையத்தான் ஆள் குறைவு.

இங்கே சட்டமே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. 1960-இன் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு மத்தியக் குழு இருக்கிறது, 1998-இலிருந்து விரிவான விதிகளும் இருக்கின்றன. எலிக்கு நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவே அனுமதி தரலாம்; குரங்கு, நாய் என்றால் டெல்லிக்குப் போக வேண்டும். நிறுவனக் குழுவில் விஞ்ஞானி அல்லாத ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஆனால் நான் உட்கார்ந்த கூட்டங்களில், ஆங்கிலத்தில் ஐம்பது பக்கத் திட்டத்தை முந்தின நாள் கொடுத்தால் அவர் என்ன கேட்பார்? அமைதியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். ஐரோப்பிய ஒன்றியத்தில், அனுமதி பெற்ற ஒவ்வொரு ஆய்வுக்கும் எளிய மொழியில் ஒரு சுருக்கம் பொதுவில் வெளியிட வேண்டும்: எதற்காக, எத்தனை விலங்கு, எவ்வளவு வலி, ஏன் வேறு வழியில்லை. அதை இங்கேயும் கட்டாயமாக்கி, தமிழ்நாட்டு நிறுவனங்கள் தமிழிலும் போட்டால், நீங்களும் நானும் படித்துக் கேள்வி கேட்கலாம். விதி இருந்தும் நடக்காத இன்னொன்று பின்பராமரிப்பு. ஆய்வு முடிந்தும் உயிரோடிருக்கும் குரங்கைக் கவனிப்பது பயன்படுத்தியவரின் பொறுப்பு, அந்தச் செலவும் திட்டத்தின் செலவில் சேர்த்தி என்று விதியிலேயே இருக்கிறது. இந்தக் குரங்குகள் கூண்டில் 25, 30 வருஷம்கூட வாழும். ஆராய்ச்சி நிதியோ மூன்று வருஷத்தில் தீர்ந்துவிடும். அதன் பிறகு தீனிக்கும் மருத்துவருக்கும் எந்தக் கணக்கிலிருந்து பணம் வரும் என்பதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும், எழுதாத திட்டத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.